கதவடைத்து வைத்த குழம்பு

ஆர்த்தி குடியிருப்பது செங்கம் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷனில். கணவன் வளவன் ஆட்டோ ஓட்டுகிறான். கீழே வீட்டுக்காரம்மா ரேணுகாம்பாள். அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: கவிச்சி சமைக்கக் கூடாது.

மற்றபடி நல்ல மனுஷி. ஆர்த்தி துணிக்கடையிலிருந்து வரும்வரை மகள் இனியாவைத் தன் வீட்டில் உட்கார வைத்து, தோசை ஊற்றிக் கொடுத்து, பாடம் எழுத வைப்பாள். அதனாலேயே ஆர்த்தியால் வாய் திறக்க முடியவில்லை. கீழ்பென்னாத்தூரில் ஏரி மீனும் களியும் தின்று வளர்ந்தவள், அம்மா வீட்டுக்குப் போகும்போது மட்டும் வயிறாரச் சாப்பிட்டு வந்தாள்.

ஒரு புதன்கிழமை ரேணுகாம்பாள் கல்யாணத்துக்கென்று வேலூர் கிளம்பினாள். சாயங்காலம் வளவன் கெண்டை மீனோடு வந்தான். ஆர்த்தி ஜன்னல்களைச் சாத்தினாள். கதவிடுக்கில் பழந்துணியைத் திணித்தாள். ஃபேன்கூடப் போடவில்லை. புளி கரைத்து, கத்திரிக்காயும் மாங்காயும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, கடைசியில் மீன் துண்டுகளைப் போட்டாள். பக்கத்து அடுப்பில் கேழ்வரகு களி கிண்டினாள். வேர்வை கண்ணில் இறங்கியது. தாளித்த வாசனை தெருவுக்குப் போயிருக்குமோ என்று கதவிடுக்குத் துணியை இன்னும் அழுத்திவிட்டாள்.

கதவு தட்டப்பட்டது. உடம்பு முடியாமல் பாதி வழியிலேயே திரும்பியிருந்தாள் ரேணுகாம்பாள்.

"என்னம்மா இது?"

"மீன் கொழம்புங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா விட்டிருப்பீங்களாம்மா?"

"விட்டிருக்க மாட்டேன்" என்றாள் ரேணுகாம்பாள். "கொண்டுபோய்க் கொட்டிட்டு வீட்டக் கழுவி வுடு."

ஆர்த்தி நகரவில்லை. "கொழந்த சாப்புடணுங்க. அப்புறம் கழுவுறேன்."

ரேணுகாம்பாள் இறங்கிப் போனாள். மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இனியா இன்னொரு துண்டு கேட்டாள். ஆர்த்தி முள்ளெடுத்து வைத்தாள். அவள் தட்டில் களி அப்படியே இருந்தது.

மறுநாள் பள்ளி விட்டு வந்த இனியா, கீழ்வீட்டு கிரில் பூட்டியிருந்ததால் அம்மா வரும்வரை மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். வேறு வீடு தேடினார்கள். போன இடத்திலெல்லாம் வாடகை பேசுவதற்கு முன்னால் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார்கள்; பிறகு ஊரை, அதன்பின் எந்தத் தெரு என்று. கடைசியில் ஆர்த்தியே கீழே போய், "இனிமே செய்ய மாட்டேம்மா" என்றாள். அடுத்த நாள் கிரில் திறந்திருந்தது.

இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். அவள் வேலை முடிந்து வரும்போது ரேணுகாம்பாள் அன்பாகவே கேட்பாள்: "இன்னைக்கு என்னம்மா கொழம்பு?"

"சாம்பாருங்க" என்று சொல்லிக்கொண்டே ஆர்த்தி படியேறிவிடுவாள்.