எலுமிச்சைக் குப்பி

அந்த முதியோர் இல்லத்தில் அவளுக்கு 'பிரஷ் அக்கா' என்று பெயர். இரண்டாம் மாடியின் பன்னிரண்டு கட்டில்களும் அவள் பொறுப்பு. மற்றவர்கள் குளிப்பாட்டுவார்கள், துணி மாற்றுவார்கள், வாயை மட்டும் ஏனோதானோவென்று ஒரு துடைப்புத் துடைத்துவிட்டுப் போவார்கள். இவள் அப்படியில்லை. கையுறை, டார்ச், மெல்லிய பிரஷ் சகிதமாகக் கட்டில் கட்டிலாக வருவாள்.

"அடுத்தவங்க வாய்க்குள்ள அப்படி என்னதான் தேடுற?" என்று வீட்டில் கணவர் கேலி செய்வார்.

"உங்க வாய்க்கு அதெல்லாம் எவ்வளவோ மேல்" என்பாள்.

முப்பது வயதில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சேர்ந்து, பிறகு ஆறு மாதம் பராமரிப்புப் பயிற்சி எடுத்தவள். அங்கே சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் செய்வாள். வாய் உலர்ந்தவர்களுக்கு எலுமிச்சைச் சாறும் கிளிசரினும் தோய்த்த பஞ்சுக்குச்சியால் ஒற்றியெடுக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. முன்பெல்லாம் அந்தக் குச்சி பாக்கெட்டில் வரும். ஐந்து வருடத்துக்கு முன் வருவது நின்றுபோனது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. சிக்கனம் பிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, தானே கலந்து ஒரு சின்னக் குப்பியில் ஊற்றி ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாள்.

அந்த மாடியில் அவள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டது ஹலோ அம்மாவை. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். பக்கவாதம் வலப்பக்கத்தையும் பேச்சையும் பிடுங்கிக்கொண்டு 'ஹலோ' ஒன்றை மட்டும் விட்டுவைத்தது. பசித்தாலும் ஹலோ, எரிச்சல் வந்தாலும் ஹலோ. எந்த ஹலோவுக்கு என்ன பொருள் என்று பிரஷ் அக்காவுக்குத் தெரியும்.

அந்த மாதம் ஹலோ அம்மா சாப்பிடுவதை நிறுத்தினார். ஸ்பூன் உதட்டில் பட்டதும் வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். ஆறு கிலோ எடை இறங்கியது. "பிடிவாதம்" என்றாள் மேட்ரன். மூக்கு வழியாகக் குழாய் போட வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தாயிற்று. குழாய் போட்டால் அவர் இழுப்பார். இழுக்காமலிருக்க, நன்றாக இருக்கும் இடக்கையைக் கட்டிலோடு கட்டுவார்கள். இருந்த ஒரு கையும் போகும். பிரஷ் அக்கா இதைப் பலமுறை பார்த்தவள்.

"மேட்ரன், அவங்களுக்கு வாய் வலிக்குது. பல் டாக்டரை ஒருதரம் கூப்பிடுங்க."

"தினம் மூணு வேளை நீதான் டார்ச் அடிச்சுப் பாக்குற. உனக்குத் தெரியாததா?"

"கூப்பிடுங்க. ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொன்னா, நானே கூட நின்னு குழாயைப் பிடிச்சுக்கறேன்."

புதன்கிழமை பல் டாக்டர் வந்தாள். அம்மாவின் மகனும் வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். டாக்டர் ஒரு தாளைப் பிரஷ் அக்காவிடம் நீட்டினாள்.

"வாயை ஆறு பாகமா வச்சுக்கறோம். ஒவ்வொரு பாகத்துலயும் ரொம்ப மோசமா தேஞ்ச பல்லுக்கு மட்டும் எண். தேய்மானமே இல்லன்னா சைபர். பாதிக்கு மேல போயிருந்தா மூணு. சொல்லச் சொல்ல எழுதுங்க."

சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

"மேல வலது, மூணு. மேல முன்பக்கம், மூணு. மேல இடது, ஒண்ணு. கீழ இடது, ஒண்ணு. கீழ முன்பக்கம், ரெண்டு. கீழ வலது, மூணு."

கூட்டினால் பதின்மூன்று. இரண்டு வருடத்துக்கு முன் இங்கே சேர்ந்தபோது இதே டாக்டர் பார்த்து எழுதியது ஐந்து.

டாக்டர் ஒரு பல்லின்மேல் லேசாகக் காற்று ஊதினாள். "ஹலோ!" என்று அலறினார் அம்மா. அந்த ஹலோவுக்கு யாரும் பொருள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறாங்களோ?" என்றான் மகன்.

"கடிச்சா மேலயும் கீழயும் தட்டையா, ஒண்ணோட ஒண்ணு பொருந்துற மாதிரி தேயும். இது குழிகுழியா இருக்கு. பழைய வெள்ளி அடைப்பு மட்டும் மேடா நிக்குது பாருங்க, சுத்தியிருந்த பல்லு கரைஞ்சுபோச்சு. இது புளிப்போட வேலை."

மகன் கட்டிலருகே வந்தான். "ஞாயித்துக்கிழமை நான் ஆரஞ்சு ஜூஸ் கொண்டுவருவேன். ஆசையாக் குடிப்பாங்க..."

"வாரத்துக்கு ஒரு டம்ளரா? அது இவ்வளவு செய்யாது. செஞ்சாலும் ரெண்டு பக்கமும் செய்யும். இது வலப்பக்கம்தான் அதிகம். அதான் புரியல."

பிரஷ் அக்காவுக்குப் புரிந்தது. கட்டிலின் இடப்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கிறது. இரண்டு வருடமாக அவள் நின்றதெல்லாம் வலப்பக்கம். பக்கவாதத்தில் தொய்ந்துபோன அந்தக் கன்னத்துக்குள் குச்சியைச் செருகி, நன்றாக ஊறட்டும் என்று சற்று நேரம் விட்டுவைப்பாள். தினம் மூன்று வேளை. எடுத்த கையோடு, புளிப்பில் இளகியிருந்த பல்லின்மேல் பிரஷ்ஷும் போடுவாள்.

"அம்மா, நான்தாம்மா உன்னை இப்படி ஆக்கிட்டேன்" என்று மகன் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

குப்பியைத் தொட்டியில் கவிழ்த்துக் கழுவிவிட்டால் முடிந்தது கதை, யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் மாடியில் அந்தக் குப்பி தொட்ட வாய் இன்னும் பதினொன்று இருந்தது. அவள் குப்பியை எடுத்து டாக்டர் கையில் வைத்தாள்.

"ஜூஸ் இல்ல தம்பி, இதுதான். நான்தான்."

டாக்டர் மூடியைத் திறந்து முகர்ந்தாள். "இதை விட்டு வருஷக்கணக்காச்சே அக்கா. பல்லைக் கரைக்கும்னுதான் நிறுத்தினாங்க. யாரும் சொல்லலையா?"

"பாக்கெட் வரல. ஏன்னு நான் கேக்கல."

வெள்ளிக்கிழமைக் குழாய் தள்ளிப்போடப்பட்டது. டாக்டர் கூசும் பற்களுக்கு மேல்பூச்சு பூசினாள். சனிக்கிழமை, வெதுவெதுப்பான கஞ்சியில் பதினொரு ஸ்பூன் இறங்கியது. ஊட்டியது கீழ்மாடி ஆயா. பிரஷ் அக்கா ஸ்பூனோடு போனபோது வாய் இறுக மூடிக்கொண்டது. மறுநாளும் அப்படியே. ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. வன்மம் ஒன்றுமில்லை. எரித்த கை எதுவென்று அந்த வாய் தெரிந்துவைத்திருந்தது, அவ்வளவுதான். மகன் புகார் எழுதவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் நின்ற பக்கம் பார்த்துப் பேசவும் இல்லை.

"போனது போகட்டும். அந்தக் கட்டில் பக்கம் மட்டும் போகாத" என்றாள் மேட்ரன்.

மற்றவர்களைப் பார்க்க டாக்டருக்கு அடுத்த மாதம்தான் நேரம். அதுவரை பொறுக்க முடியாமல், திங்கள்கிழமை காலை பிரஷ் அக்கா ஒரு தாளில் ஆறு ஆறு கட்டமாகப் போட்டுக்கொண்டு டார்ச்சோடு கிளம்பினாள். முதல் அறையில் பழைய லாரி டிரைவர்.

"என்னம்மா, பரீட்சை வைக்கிறியா?"

"ஆ காட்டுங்க. தண்ணி குடிச்சா கூசுதா?"

"ஒரு வருஷமா கூசுது. வயசானா எல்லாம்தான் கூசும், இதையெல்லாம் போய் சொல்லுவாங்களா?"

கடைவாய்ப் பல்லில் கிண்ணம் மாதிரி குழி விழுந்திருந்தது. நடுவில் வெள்ளி அடைப்பு மேடாக நின்றது. அவள் கட்டத்தில் எழுதினாள்.

"எத்தனை மார்க்?" என்றார் டிரைவர்.

"மூணு."

"நூத்துக்கா?"

"மூணுக்கு" என்று சொல்லிவிட்டு, அடுத்த பாகத்துக்கு டார்ச்சைத் திருப்பினாள்.