கயிற்றுக்கு வெளியே அப்பா

எங்கள் கிளப்பில் பெற்றோர் வாயைத் திறக்கக் கூடாது என்று சட்டம் வந்ததற்கு என் அப்பா காரணமில்லை. அந்தச் சட்டத்தில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர் மட்டும்தான் அவர்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. ராயபுரத்தில், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைகளுக்கான கால்பந்து கிளப் ஒன்றில் வலது விங்கில் ஆடிக்கொண்டிருந்தேன். ஆடிக்கொண்டிருந்தேன் என்பது கொஞ்சம் அதிகப்படி. பாதி நாட்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

கிளப் என்று வந்துவிட்டால் பிள்ளைகளைவிடப் பெற்றோருக்குத்தான் பயிற்சி அதிகம். அம்மா ஒரு கார்மென்ட் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். வாரத்தில் ஆறு நாள் நாற்பது பேரை விரட்டி வேலை வாங்குபவள், மிச்சமிருந்த ஞாயிற்றுக்கிழமையிலும் காலை ஐந்து மணிக்கு எழுந்து என்னை விரட்டுவாள். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவில் புகுந்து புகுந்து மைதானத்துக்குப் போவோம். ஞாயிறு காலையில் பயிற்சி என்றதும் எங்கள் சர்ச் பங்கிலிருந்த கிளப் குடும்பங்கள் எல்லாம் சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கு மாறிக்கொண்டன. சாயங்காலப் பூசைக்குத் திடீரென்று இத்தனை கூட்டம் வருவதைப் பார்த்து ஃபாதர் மகிழ்ந்துபோய்ப் பிரசங்கத்திலேயே பாராட்டினார். காரணத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஒவ்வொரு வருஷமும் ஜெர்சியில் ஒரு கோடு இடம் மாறும். பழைய கோட்டோடு போனால் மைதானத்தில் இறங்க முடியாது. கேளம்பாக்கத்தில் காலை ஏழு மணிக்கு மேட்ச் என்பது முந்தின நாள் சாப்பிட்டுப் படுக்கும்போதுதான் வாட்ஸ்அப்பில் வரும். எல்லாவற்றுக்கும் மேலே வேன் ஒன்று இருந்தது. எங்கள் அணியில் ஒரு பெண்ணின் அப்பா சொந்தமாக வேன் வைத்திருந்தார். வெளியூர் மேட்சுக்கெல்லாம் அதில்தான் போவோம். அதனால் அந்தப் பெண் எப்போதும் முதல் பதினொன்றில் இருப்பாள். இது அநியாயம் என்று எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். யாரும் சொல்ல மாட்டார்கள். எல்லோரும் அந்த வேனில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

வேனைப் பற்றிப் பேச முடியாத கோபமெல்லாம் ஆட்டம் நடக்கும்போது கோட்டோரத்தில் வெளிவந்தது. ஒரு அம்மா த்ரோ யாருக்கு என்று கேட்டு மைதானத்துக்குள்ளேயே நடந்து போனாள். செக்யூரிட்டி வேலை பார்த்த ஒரு அப்பா சொந்த விசிலோடு வந்து ஊதியதில் ஆட்டம் இரண்டு முறை நின்றது. பொறுத்துப் பார்த்த கோச், கோட்டிலிருந்து பத்தடி தள்ளி நைலான் கயிறு கட்டினார். பெற்றோர் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். யாருடைய குரல் உள்ளே கேட்கிறதோ, அவருடைய பிள்ளை அந்த நிமிஷமே வெளியே. முதல் வாரத்தில் மூன்று பிள்ளைகள் வெளியே வந்தார்கள். இரண்டாவது வாரம் மைதானம் தேர்வு அறை மாதிரி இருந்தது.

அப்பாவுக்கு இந்தச் சட்டம் ஒரு கஷ்டமும் தரவில்லை. அவர் ஹார்பரில் சிக்னல்மேன். கப்பலின் மேல்தட்டில் நின்றுகொண்டு, மேலே கேபினில் இருக்கும் கிரேன் ஆப்பரேட்டருக்குக் கையால் சைகை காட்டுவது அவர் வேலை. கீழே சரக்கு எங்கே இறங்குகிறது என்று ஆப்பரேட்டருக்குத் தெரியாது. அப்பாவின் கையை நம்பித்தான் இறக்குவார். அந்தச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பயனில்லை என்பதால் எல்லாம் கைதான். விரலை மேலே காட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுற்றினால் இறக்கு. கையைப் பக்கவாட்டில் நீட்டினால் அந்தப் பக்கம் திருப்பு. சுற்றும் விரலுக்கு மேலே இன்னொரு உள்ளங்கையைக் குடைபோல் பிடித்தால் மெல்ல.

இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும். நாங்கள் ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. கீழே விளையாடிக்கொண்டிருக்கும் என்னை அப்பா பால்கனியில் நின்று இப்படித்தான் மேலே கூப்பிடுவார். அதனால் கயிறு கட்டிய மூன்றாவது வாரம், பெஞ்சிலிருந்து என்னை இறக்கிய ஐந்தாவது நிமிஷத்தில் அப்பாவின் விரல் மேலே சுற்றியபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முன்னால் ஓடினேன். பந்து என் காலுக்கே வந்தது. விரல் கீழே சுற்றியது. பின்னால் வந்தேன். எதிர் அணிப் பெண்ணின் பந்தைத் தடுத்தேன். சட்டம் வாயைத்தான் சொல்லியிருந்தது, கையைச் சொல்லவில்லை.

இரண்டு மூன்று வாரம் இது நன்றாக நடந்தது. கோச் அம்மாவைக் கூப்பிட்டு, பொண்ணுக்குத் திடீரென்று ஆட்டம் புரிய ஆரம்பித்திருக்கிறது என்று சொன்னார். அப்பா அடக்கமாகத் தரையைப் பார்த்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் திருச்சி டோர்னமென்ட் வந்தது. அரையாண்டு லீவில் ஐந்து நாள். பதினான்கு பேர் போகலாம். பதிமூன்று பேர் யார் என்பது ஏறக்குறைய முடிவாகிவிட்டது. பதினான்காவது இடத்துக்கு எனக்கும் இன்னொரு பெண்ணுக்கும் போட்டி. வருகிற ஞாயிறு எர்ணாவூர் அணியோடு ஒரு மேட்ச் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று கோச் அறிவித்தார். அம்மாவுக்கு அது ஒரு வருஷத்து விடியற்காலைகளின் கணக்கு. எனக்கோ வேறு ஆசை. திருச்சிக்கு ரயிலில் போவார்கள். நான் அதுவரை ரயிலில் படுத்துக்கொண்டு போனதே இல்லை. அப்பர் பெர்த்தா லோயர் பெர்த்தா என்று வியாழக்கிழமையே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

எர்ணாவூர்க்காரர்கள் மூன்று ஷேர் ஆட்டோவில் பிள்ளைகளையும் பெற்றோரையும் கலந்து திணித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். கயிற்றுச் சட்டம் எங்கள் கிளப்புக்குத்தான், அவர்களுக்கு இல்லை. எங்கள் பெற்றோர் இந்தப் பக்கம் உதட்டை மடித்துக்கொண்டு நிற்க, அந்தப் பக்கம் திருவிழாச் சத்தம்.

அன்று நான் முதல் பதினொன்றில் இருந்தேன். பத்தாவது நிமிஷத்தில் அப்பாவின் கை வலதுபுறம் நீண்டது. ஓரமாக ஓடினேன், பந்தை நடுவில் போட்டேன், வேன்காரர் மகள் கோல் அடித்தாள். பதினான்காவது இடம் என் பைக்குள் வந்துவிட்டது போல் இருந்தது.

அதற்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை. நான் எங்கே போனாலும் அங்கே இரண்டு எர்ணாவூர்ப் பெண்கள் எனக்கு முன்பே போய் நின்றார்கள். அப்பாவின் விரல் கீழே சுற்றும், நான் திரும்புவதற்குள் அவர்கள் நான் விட்டுப்போகும் இடத்தில் இருப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. நீலச் சட்டை போட்ட ஒருவர், தன் மகள் பக்கம் திரும்பி, அவசரமே இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாப்பா, ஏழாம் நம்பரு இப்போ எறங்கும் பாரு. நீ அப்டியே மேல போ. ஆங், இப்போ லெஃப்டுல திருப்புறாரு."

ஏழாம் நம்பர் நான்தான்.

வடசென்னையில் ஹார்பர் சைகையை ரகசிய மொழி என்று நினைத்துப் பயன்படுத்தியிருக்கிறோம். அந்தக் கூட்டத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர் மட்டும்தானா என்றுகூட எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. பாதி ஆட்டம் முடிவதற்குள் அவர்கள் ஒரு கோல் போட்டுச் சமன் செய்துவிட்டார்கள்.

இடைவேளையில் நாங்கள் குளுக்கோஸ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது நீலச் சட்டைக்காரர் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு நேராக அப்பாவிடம் வந்தார். சண்டை வரப்போகிறது என்று நினைத்து எழுந்து நின்றேன்.

"இன்னா நைனா, எந்த பெர்த்து?" என்றார்.

அப்பா தன் கப்பல்கள் வந்து நிற்கும் பெர்த்தின் நம்பரைச் சொன்னார்.

"கையப் பாத்தொடனே தெர்ஞ்சிகினேன். நானும் முன்ன அங்கதான். இப்போ காட்டுப்பள்ளி ஹார்பர்ல கீறேன். ரெண்டாவது ஆஃபுக்கு வேற பாஷ எதுனா வெச்சிக்கோ, இது வாணாம்."

அப்பா சிரித்தார். நான் எதிர்பார்த்தது அது அல்ல. இருவரும் பழைய ஃபோர்மேன் ஒருவரைப் பற்றிப் பேசினார்கள். காட்டுப்பள்ளியில் 'மெல்ல'வுக்கு என்ன காட்டுகிறார்கள் என்று அவர் செய்து காண்பிக்க, அப்பா ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரியோடு கொஞ்சிக் குலாவுகிறார் என்று நான் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இரண்டாம் பாதியில் அப்பா இரண்டு கைகளையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

சைகை காட்டினால் அந்த மனிதர் படித்துவிடுவார், அதனால் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். பதினொரு வயதுக்கு அது புரியாமலில்லை. ஆனால் பந்து வரும்போதெல்லாம் என் தலை தானாகவே கயிற்றுப் பக்கம் திரும்பியது. முன்னால் போவதா, பின்னால் வருவதா? அப்பாவின் பாக்கெட் அசையவில்லை. ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருந்தபோது எங்கள் பின்வரிசைப் பெண் எனக்கு நேராகப் பந்தைத் தள்ளினாள். சுலபமான பந்து. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணை அகல விரித்து முகத்தால் ஏதோ சொல்லப் பார்த்தார். முகத்தில் சொல்வது எனக்குப் படிக்கத் தெரியவில்லை. பந்து என் ஷூவை உரசிக்கொண்டு போனது. நீலச் சட்டைக்காரரின் மகள் அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். வலை அசைந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

கோச் அங்கேயே பெயர்களைப் படித்தார். பதினான்காவதாக என் பெயர் வரவில்லை.

அம்மா கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்தாள். ஒரு வருஷமாக உதட்டுக்குள் வைத்திருந்தது எல்லாம் வரிசையாக வந்தது. ஐந்து மணி, ஜெர்சிக் கோடு, கேளம்பாக்கம். கடைசியில் யாரும் சொல்லாததும் வந்தது.

"வேன் கீறவன் பொண்ணு மட்டுந்தான் ஆடணும்னா மொதல்லயே சொல்லிருக்கலாம்ல சார்? நாங்களும் நாலு பேரு சேந்து ஒரு வேன் வாங்கி வுட்ருப்போம்ல?"

வேன்காரர் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மற்ற பெற்றோர் எல்லோரும் வேறு வேறு திசையில் எதையோ கவனித்தார்கள்.

கோச் அம்மாவைத் தாண்டிப் போனார். அப்பாவிடம்தான் சொன்னார், மெதுவாக. "அண்ணே, பொண்ணுக்கு நல்ல காலு. ஆனா அது பந்தப் பாக்கல. உங்களத்தான் பாக்குது."

எத்தனை வாரமாக அவருக்குத் தெரிந்திருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அப்பாவையாவது பேசச் சொல்லி அம்மா திரும்பினாள். அவர், நேரமாகிவிட்டது, போகலாம் என்றார்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் அம்மாவின் பேச்சு மாத்தூரைப் பற்றித்தான். அங்கே ஒரு கிளப் இருக்கிறதாம். வேன் கிடையாதாம், கயிறும் கிடையாதாம். வழக்கமாக அம்மா முடிவு செய்ததற்கு அப்பா குறுக்கே வருவதில்லை. இந்த முறை வந்தார். சாப்பிட்ட தட்டில் கை கழுவிவிட்டு, "அங்க போனாலும் நாந்தானே வந்து நிக்கப் போறேன்" என்றார். அம்மா அத்தோடு மாத்தூர்ப் பேச்சை விட்டுவிட்டாள். மாத்தூர் வரை வந்து நிற்க அப்பாவுக்குச் சோம்பேறித்தனம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அரையாண்டு லீவில் பதினான்கு பேரும் திருச்சிக்குப் போனார்கள். நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்த ஐந்து நாளும் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. குறிப்பாக அப்பாவோடு.

அவர் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. ஆனால் அம்மா நிற்கும் இடத்தில் நிற்காமல், கார்னர் கொடிக்கும் பின்னால், காம்பவுண்டுச் சுவரோரம் போய் நின்றார். ஒரு கையால் மறு மணிக்கட்டைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஸ்கூல் அசெம்பிளியில் நிற்கும் பையன் மாதிரி. முதல் சில வாரங்கள் நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. பிறகு திரும்புவது குறைந்தது. பிறகு எப்போதோ மறந்தேபோனது. இடது பக்கம் ஆள் வருவது பார்க்காமலே தெரிய ஆரம்பித்தது. அடுத்த வருஷம் டோர்னமென்ட் அணியில் என் பெயர் ஆறாவதாகவே வந்தது.

அன்று ஞாயிறு மத்தியானம் சாப்பிடும்போது நான் அப்பாவிடம் நேராகவே சொன்னேன், இந்த முறை உங்கள் உதவி இல்லாமல் நானாகவே வந்தேன் என்று. அப்பா, ஆமாம் என்று சொல்லிவிட்டு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய இடது மணிக்கட்டின் உள்பக்கம் நான்கு சின்னச் சிவப்புத் தடங்கள் இருந்தன, பிறை பிறையாக, நகம் பதிந்தது போல. போன ஞாயிறும் அவற்றைப் பார்த்த ஞாபகம். என்ன என்று கேட்டேன். "வேலைல ஹூக்கு பட்டுச்சு" என்றார். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு வேலை கிடையாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொல்லிவிட்டு, அப்பர் பெர்த்தா லோயரா என்று அம்மாவிடம் கேட்க அடுப்படிக்கு ஓடினேன்.