பாதிப் பஞ்சு

எனக்கு எழுத வராது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். முன்னுக்குப் பின்னாக எழுதினாலும், மறதியில் ஏதாவது விட்டுப்போனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊசி நூலை நான் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்திருக்கிறேன். உள்ளங்கை அகலம்தான், மூடி முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை. பார்ப்பவர்கள் சோப்புப் பெட்டி என்று நினைப்பார்கள். அது மீன் தொட்டியின் மூலையில், தண்ணீருக்குள் கிடந்த பெட்டி. அடியில் கூழாங்கல், அதன் மேல் கரி, அதற்கும் மேலே பஞ்சு. சின்ன மோட்டார் ஒன்று குழாய் வழியாகக் காற்றை அனுப்ப, தொட்டித் தண்ணீர் அந்தப் பஞ்சுக்குள் புகுந்து அழுக்கை விட்டுவிட்டு வெளியே வரும்.

தொட்டி இருந்தது ஈப்போ டவுனில், ஐயா வீட்டில். ஐயா எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தவர். மருந்து கலப்பதும் ஊசி போடுவதும் அவர்தான். ஓய்வு பெற்று ஈப்போவுக்குப் போனார். எழுபதுகளின் கடைசியில் தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள், மரத்தைக் கீறிப் பாலெடுக்கும் என் பால்மரம் வெட்டு வேலை போயிற்று. ஐயாவின் மனைவிதான் என்னை வீட்டு வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவேன். மீன்கள் அம்மாவுடையவை. ஒன்பது தங்கமீன்.

மாதம் ஒருமுறை அம்மா பஞ்சை எடுப்பார். தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் மொண்டு, அதில் பாதிப் பஞ்சை மட்டும் இரண்டு முறை அலசிப் பிழிவார். மீதிப் பாதியைத் தொடமாட்டார். ரொம்ப நைந்துபோனால் அந்தத் துண்டுக்கு மட்டும் புதுப் பஞ்சு. கரியை வேறொரு மாதம்தான் மாற்றுவார். நான் வாளி தூக்குவதோடு சரி. அழுக்குத் தண்ணீரில் அழுக்கை அலசுகிறாரே, அதிலும் பாதியை விட்டுவிடுகிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு இளப்பம் இருந்தது. ஐயா நாற்காலியில் இருந்தபடி வம்பிழுப்பார்.

“எனக்கு ஒரு நாளாச்சும் தேத்தண்ணிய சூடா குடுத்திருக்காளா? மீனுக்கு மட்டும் தண்ணிய தொட்டுத் தொட்டுப் பாத்து ஊத்துறா லா.”

“மீனு உங்கள மாதிரி கொறை சொல்லாதுங்க” என்பார் அம்மா, திரும்பாமலே.

அம்மா திடீரென்று போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், தீட்டுப் போக வீட்டைக் கழுவிவிட்டேன். திரைச்சீலை, பாய், சாமி விளக்கு, சட்டி பானை எல்லாம். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் சனங்கள் தீட்டு வீட்டில் ஒரு துணியைக்கூடக் கழுவாமல் விடமாட்டார்கள். கடைசியில் தொட்டி கண்ணில் பட்டது. செத்தவர் கை கடைசியாகப் பட்ட பஞ்சு, பழுப்பேறி வழவழவென்று இருந்தது. முழுவதையும் எடுத்தேன். குழாயடியில் சோப்புப் போட்டு வெள்ளை வெளேரென்று ஆகும்வரை கசக்கினேன். கல்லையும் தேய்த்தேன். கரியைக் கொட்டிவிட்டுப் புதுக் கரி போட்டேன். பஞ்சை வெயிலில் காயவைத்து, திரும்ப வைத்தபோது, அம்மா இருந்தால் மெச்சுவார் என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் நாள் தண்ணீர் கஞ்சி போல் கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. இரண்டு செத்து மிதந்தன. பயந்துபோய்ப் பாசார் என்கிற சந்தைக்குப் பக்கத்தில் மீன் விற்கும் சீனக் கிழவரிடம் ஓடினேன். நான் சொன்னதைக் கேட்டதும், “எல்லாத்தையும் கழுவிட்டியா? ஹாபிஸ் லா!” என்று கையை விரித்தார். முடிந்துபோயிற்று என்று அர்த்தம். அந்த வழவழப்பில்தான் உயிர் இருக்கிறதாம், கண்ணுக்குத் தெரியாத உயிர். மீன் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பது அதுதானாம். அதனால்தான் அம்மா பாதிப் பஞ்சைத் தொடாமல் விட்டார். ஒரு வாரத்துக்குள் ஒன்பதும் போய்விட்டன.

சொல்லிவிடலாம் என்று தேத்தண்ணீரோடு ஐயாவிடம் போனேன். அவர் வெறும் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தான் கொன்னுட்டேன் தங்கச்சி. அவ இல்லியேன்னு கைநெறைய தீனி அள்ளிப் போட்டேன். தின்னு தின்னே செத்துப் போச்சுங்க. தோட்டத்து சனத்துக்கெல்லாம் அளந்து மருந்து குடுத்த கை இது. பாரேன்.”

அந்தக் கையை என் முன்னால் நீட்டினார். இப்போது சொல், இப்போது சொல் என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். சுத்தக்காரி என்று பேரெடுத்தவள் நான், அந்த வெட்கம் ஒரு பக்கம். “தேத்தண்ணி ஆறிப்போவுது ஐயா” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அதன்பிறகு ஐயா தன் இரத்த அழுத்த மாத்திரையைக்கூடத் தானாக எடுக்கவில்லை. டப்பாவை என்னிடம் தள்ளி, “நீயே எடுத்துக் குடு, எங்கைக்கு அளவு தெரியல” என்பார். மகள் வந்தால் அவரிடமும் அதே பேச்சு, “உங்கம்மா மீன நான்தான் கொன்னேன்.” நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். நாலு வருடம், காலையும் மாலையும், மீனைக் கொன்ற என் கையாலேயே மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் தண்ணீருக்கு மேலே வந்த மீன்கள்தான் ஞாபகம் வரும். ஐயாவும் போய்விட்டார், நான் சொல்லவே இல்லை. தொட்டியை யாருக்கோ கொடுத்தார்கள். இந்தப் பெட்டியை மட்டும் நான் முந்தானையில் மறைத்து எடுத்து வந்தேன்.

ஐயாவின் மகள் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இதை அவர் படித்தால், இல்லை, யாராவது அவருக்குப் படித்துக் காட்டினால், நான் எழுதியதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மீன் ஒன்பதா பத்தா, அம்மா போனது எந்த மாதம், ஐயா இருந்தது நாலு வருடமா அஞ்சா, இதெல்லாம் எனக்குக் குழம்புகிறது. தப்பிருந்தால் திருத்தட்டும். பஞ்சைக் கழுவியது யார் என்பதை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம். தினமும் ஊசி எடுக்க இந்தப் பெட்டியைத் திறக்கிறேன், அது எனக்கு மறக்கவில்லை.