பன்னிரண்டாம் நாள் சொல்: வாசம்

ஒரு நாள் விட்டாலும் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று என் மகள் சொல்லியிருந்தாள். காலை ஆறு மணிக்கு வாட்ஸப்பில் ஒரு சொல் வரும். இரவு பத்துக்குள் அந்தச் சொல்லை வைத்து ஒரு கவிதை அனுப்ப வேண்டும். ஒன்றாம் தேதி தொடங்கி முப்பது நாள். குழுவை நடத்தியவர் குடியாத்தத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. நான் அவரைப் பார்த்ததில்லை. குழுவில் இருந்த யாரையுமே பார்த்ததில்லை. அதனால்தான் சேர ஒப்புக்கொண்டேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. ரேஷன் கடையில் சர்க்கரை கம்மியாகப் போட்டாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். எழுதினால் மட்டும் கொஞ்சம் வரும். காலண்டர் தாளின் பின்பக்கம் நான் கிறுக்கி வைத்திருந்ததை மகள் படித்துவிட்டு, என்னைக் கேட்காமலே என் எண்ணைக் குழுவில் கொடுத்துவிட்டாள்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் எனக்கு இருபத்திரண்டு வருட வேலை. தோல் பதனிடும் இடத்தை நாங்கள் ஷாப் என்றுதான் சொல்வோம். ஈரத்தோலை இழுத்து இரும்புச் சட்டத்தில் க்ளிப் போட்டுக் காய வைப்பது என் வேலை. அது மாடியில். கீழே பெரிய மர டிரம்கள் சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே இருந்தவன் என் தோஸ்த். எனக்கும் சேர்த்து அவன்தான் பேசுவான். லீவு கேட்பது, கேட்டில் லேட்டுக்குக் காரணம் சொல்வது, டீக்கடையில் எனக்குச் சர்க்கரை கம்மி என்று சொல்வது எல்லாம் அவன்தான்.

டிரம்மில் கடைசி வேலையாகத் தோலுக்கு எண்ணெய் ஊட்டுவார்கள். சுடுதண்ணீரில் கலக்கி ஊற்றுகிற அந்த எண்ணெய்க்கு ஃபேட் லிக்கர் என்று பெயர். பேரலின் மேல் அப்படித்தான் அச்சடித்திருக்கும். எங்கள் வாயில் அது வெறும் லிக்கர். "லிக்கர் ஊத்தியாச்சா?", "லிக்கர் ஜாஸ்தியாப் போச்சி" என்று நாள் முழுக்கக் கேட்கும். புதிதாக வருகிறவன் முதல் நாள் சாராயம் என்று நினைத்துச் சிரிப்பான். இரண்டாம் நாள் அவனும் சொல்வான்.

மதியம் கெமிக்கல் குடோனுக்குப் பின்னால் நாங்கள் இருவரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். குழுவுக்கு அனுப்பும் முன் கவிதையை அவனுக்குப் படித்துக் காட்டுவேன். அவனுக்கு எதுவும் பிடிக்காது.

"கவிஞரே, இன்னா இது? நேத்து நிலா, இன்னிக்கு நிலாவுக்குத் தங்கச்சியா?"

"சும்மா இருடா."

"நம்மள மாதிரி ஆளுங்கள எழுதுய்யா. நிலாவ எழுத ஆயிரம் பேர் கீறான்."

பன்னிரண்டாம் நாள் வந்த சொல் வாசம். அன்று காலை முழுக்கச் சட்டத்தில் தோல் மாட்டும்போதே யோசித்தேன். மல்லிகை தவிர ஒன்றும் வரவில்லை. மதியம் அவனிடம் சொன்னேன். அவன் வாயில் சோற்றோடு சிரித்தான்.

"இத்தப் போய் யோசிப்பியா? என் மேல வர்ற வாசத்த எழுது. காலைலேர்ந்து லிக்கர்லயே கீறேன். எந்த வீட்டுக் கதவு என்ன உள்ள சேர்க்கும்?" அதைச் சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தான். பருக்கை மூக்கில் ஏறி இருமுகிற அளவுக்குச் சிரித்தான்.

அவன் சிரித்ததற்குக் காரணம் இருந்தது. அவன் குடிக்க மாட்டான். அவனுடைய அப்பா குடித்தே செத்தவர். சர்ச்சில் திருவிருந்தில் போதகர் ஐயர் கொடுக்கிற திராட்சரசத்தைக்கூட உதட்டில் ஒற்றிக்கொண்டு விட்டுவிடுவான். அப்படிப்பட்டவன் லிக்கரில் இருக்கிறேன் என்று சொன்னதுதான் வேடிக்கை. அங்கேயே உட்கார்ந்து நாலு வரி எழுதி அனுப்பினேன்.

மல்லிகை விற்பவள் மேல் மல்லிகை வாசம்
மீன் விற்பவள் மேல் மீன் வாசம்
என் தோஸ்து காலையிலிருந்து லிக்கரில்
எந்த வீட்டுக் கதவு அவனை உள்ளே சேர்க்கும்?

பதினொரு நாளில் எனக்கு அவ்வளவு கைதட்டல் படங்கள் வந்ததில்லை. மகள் அதைத் தன் ஸ்டேட்டஸில் வைத்துக்கொண்டாள். அவன் மாடிக்கு ஏறி வந்து என் போனை வாங்கி அந்தக் கைதட்டல்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "இதுல பாதி எனக்கு வர வேண்டியது" என்று சொல்லிக் கீழே இறங்கிப் போனான்.

மூன்று மணிக்கு மேல் கீழே சத்தம் கேட்டது. நான் இறங்கி வருவதற்குள் அவனைத் தூக்கி வெளியே போட்டிருந்தார்கள். டிரம் கழிவுத் தண்ணீர் சேரும் தொட்டியில் பம்ப் அடைத்துக்கொண்டதாம். ஏணி போட்டு இறங்கியவன் மேலே வரவில்லை. உள்ளே காற்று கெட்டிருந்தது. அவன் உடம்பெல்லாம் கறுத்த சேறு. யாரோ குழாயைத் திறந்து அவன் முகத்தை மட்டும் கழுவினார்கள்.

அன்று இரவும் அடுத்த நாள் காலையும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். அவனை அடக்கம் செய்துவிட்டு வந்த சாயங்காலம் நான் பதின்மூன்றாம் கவிதையை அனுப்பினேன். சொல் மழை. மழையைப் பற்றித்தான் எழுதினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாள் விட்டால் எடுத்துவிடுவார்கள் என்று மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பதினாறாம் நாள் அவன் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறாள். என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். அன்று செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். யாரோ பரப்பிவிட்டிருந்த என் கவிதை. அதற்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: கூட வேலை செய்தவனே சொல்லிவிட்டான், அப்புறம் என்ன?

"இன்னாண்ணா எழுதின நீ?"

நான் போனை வாங்கி அந்த வரியை மறுபடியும் படித்தேன்.

"குடிச்சிட்டு அவரா போய் எறங்கிட்டாருன்னு ஷாப்ல சொல்றாங்க. யாரும் எறங்கச் சொல்லலயாம். ஆதாரம் இன்னான்னு கேட்டா இதக் காட்றாங்க. காலைலேர்ந்து லிக்கர்ல கீறான்னு நீ எழுதிக் கீற."

"அது வேற லிக்கர்மா" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? பதினாறு வருஷமா அந்தச் சட்டையத் தொவைக்கிறவ நானு. ஊருக்குத் தெரியுமா? ஸ்கூல்ல என் பொண்ணப் பார்த்துக் குடிகாரன் பொண்ணுன்றாங்க. நஷ்டஈடு கொடுக்கட்டும், கொடுக்காமப் போகட்டும். அவர் குடிச்சாருன்னு கேஸ் பேப்பர்ல ஏறக் கூடாது. நீ எழுதினதாலதானே வந்திச்சி? விசாரணைல நீயே வந்து சொல்லு."

அந்த வரி அவன் சொன்னது என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். பழியைச் செத்தவன் மேல் போடுவதுபோல் ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். சொல்கிறேன் என்று மட்டும் தலையாட்டினேன். அவள் போன பிறகு என் மகள் அடுப்படியில் நின்று அழுதாள். "நான் ஸ்டேட்டஸ்ல வெச்சதாலதான்ப்பா" என்றாள். நான் அவளைத் தேற்றவும் இல்லை.

விசாரணைக்கு இருபத்தோராம் நாள் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தின ஐந்து நாளும் கவிதை எழுதுவதுபோல் ஒரே வாக்கியத்தை எழுதி எழுதிப் பார்த்தேன். ஐயா, எங்கள் தொழிலில் லிக்கர் என்பது தோலுக்கு ஊட்டும் எண்ணெய். இவ்வளவுதான். அதைத் தோல் மாட்டும் சட்டத்து முன்னால் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். பக்கத்தில் ஆள் வந்தால் நிறுத்திவிட்டுத் தோலில் க்ளிப் மாட்டத் தொடங்கிவிடுவேன். என்னால் முடியாது என்று எனக்கே தெரிந்துவிட்டது. அவன் இருந்திருந்தால் எனக்காக அவன் பேசியிருப்பான்.

அதனால் இருபதாம் நாள் வேலை முடிந்ததும் டிரம் பக்கம் போனேன். பேரலில் இருந்து கொஞ்சம் எடுக்க ஒரு பாத்திரம் தேடினேன். சுவரோரம் ஒரு குவார்ட்டர் பாட்டில் கிடந்தது. கை அதை நோக்கிப் போய்விட்டுத் திரும்பியது. என் பையில் இருமல் மருந்து சீசா இருந்தது. மிச்ச மருந்தைக் கொட்டிக் கழுவி, அதில் லிக்கரை நிரப்பிக்கொண்டு வந்தேன்.

விசாரணை அறையில் வேலூரிலிருந்து வந்த அதிகாரி, டைப் அடிக்கும் ஒருவர், எங்கள் ஷாப் மேனேஜர் மூன்று பேரும் நாற்காலியில் இருந்தார்கள். கதவோரம் டிரம் செக்‌ஷன் ஆட்கள் மூன்று பேர் நின்றார்கள். அவன் மனைவி சுவரை ஒட்டி நின்றாள். மேனேஜர் என் கவிதையை ஒரு தாளில் அச்செடுத்து வைத்திருந்தார். அதைப் படித்தார். என் கவிதையை இன்னொருவர் வாயால் சத்தமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நீங்க எழுதினதா?" என்று அதிகாரி கேட்டார்.

தலையாட்டினேன்.

"வாயத் திறந்து சொல்லுங்க."

சீசாவை எடுத்து மேஜைமேல் வைத்தேன். மூடி சரியாக இறுகாததால் அது ஒரு ஃபைல்மேல் கொஞ்சம் சிந்தியது.

"யோவ், இன்னாயா இது?" என்று டைப் அடிப்பவர் எழுந்துவிட்டார்.

"இதான் சார் லிக்கர்" என்றேன். நான் தயார் செய்த வாக்கியம் இல்லை அது. வந்தது அவ்வளவுதான்.

அதிகாரி மூடியைத் திறந்து முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார். "மீன் எண்ணெய் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு மேனேஜரைப் பார்த்தார். "இதத்தான் லிக்கர்னு சொல்வீங்களா?"

"ஃபேட் லிக்கர்னு சொல்லுவோம் சார்" என்றார் மேனேஜர். "வெறும் லிக்கர்னு சொன்னா... அது அவங்கவங்க அர்த்தம்."

அவருக்குத் தெரியும். தினம் காலையில் அவரே மாடிப்படியில் நின்று, லிக்கர் ஊத்தியாச்சா என்று கத்துவார்.

அதிகாரி கதவோரம் நின்றவர்களைக் கேட்டார். மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். நடுவில் நின்றவன் மேனேஜரை ஒரு தரம் பார்த்துவிட்டு, "எண்ணெய், சரக்கு ரெண்டையும் லிக்கர்னுதான் சொல்லுவோம் சார்" என்றான். அது பொய்யும் இல்லை. அதனால்தான் அதை நான் மறக்கவில்லை.

"அவரை இறங்கச் சொன்னது யாரு?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"தெரியாது சார். நான் மாடில இருந்தேன்."

உண்மைதான். சுவரோரம் நின்ற அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்த உண்மைக்கு மதிப்பில்லை.

அடுத்த திங்கட்கிழமை கேட்டில் என் வருகை அட்டை இல்லை. அனுமதி இல்லாமல் கம்பெனிப் பொருளை வெளியே எடுத்துப் போனேன் என்று வாட்ச்மேன் சொன்னார். என்னோடு தினம் டீ குடிக்கிறவர். "எனக்கு இன்னாப்பா தெரியும், மேல சொன்னத சொல்றேன்" என்று வேறு பக்கம் பார்த்தார். இப்போது நான் வாணியம்பாடிப் பக்கம் ஒரு சின்ன ஷாப்பில் தினக்கூலிக்குப் போகிறேன்.

முப்பதாம் நாள் வந்த சொல் நன்றி. எல்லாரும் மழைக்கும் தாய்க்கும் நன்றி எழுதியிருந்தார்கள். நான் "அவன் குடிக்க மாட்டான்" என்று மட்டும் அனுப்பினேன். ஆசிரியை நல்லவர். தனியாக எனக்கு எழுதினார்: இது கவிதையாக வரவில்லையே ஐயா, ஓர் உவமை சேர்த்துப் பாருங்களேன். நான் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகு நான் ஒன்றும் எழுதவில்லை, இதைத் தவிர.

நான்கு மாதம் கழித்து அவன் மனைவி மறுபடியும் வந்தாள். கையில் ஒரு தாள். ஆபீஸ் தமிழ் அவளுக்குப் பிடிபடவில்லை, படித்துச் சொல் என்றாள். எனக்கும் பாதி பிடிபடவில்லை. இரண்டு முறை படித்தேன். தொட்டிக் கழிவு உடலில் கலந்திருந்ததால் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றும், இறந்தவர் மது அருந்தியிருந்தாரா என்பது உறுதி செய்யப்படவில்லை என்றும் இருந்தது.

"குடிச்சிருந்தாருன்னு போடல" என்றேன்.

"குடிக்கலன்னு போட்டிருக்கா?"

"இல்ல."

"அப்போ குடிச்சிருக்கலாம்னுதானே அர்த்தம்?"

அவள் தாளை வாங்கி நாலாக மடித்தாள். மடித்ததை மறுபடியும் பிரித்து மடித்தாள். போவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"ஒண்ணு கேக்கணும்ணா. எந்தக் கதவு சேர்க்கும்னு எழுதினியே. நான் சேர்த்துக்காம இருந்தேனா? அந்த நாத்தத்தோடதான் பதினாறு வருஷமும் சேர்த்துக்கினேன். உன்கிட்ட வேற மாதிரி சொன்னாரா?"

நாலு மாதமாக அவள் அந்த வரியைத்தான் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"அந்த வரி என்னுது இல்லம்மா. அவன் சொன்னது. அன்னிக்கு மத்தியானம் சாப்பிடும்போது தமாசுக்குச் சொன்னான். குடிக்காதவன் லிக்கர்ல கீறேன்னு சொன்னா எப்படி இருக்கும்னு, அவனே சொல்லிட்டு அவனே சிரிச்சான்."

"சிரிச்சாரா?"

"சிரிச்சான். சோறு மூக்குல ஏறுற மாதிரி சிரிச்சான்."

அவள் மடித்த தாளைப் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"அவர் சிரிச்சத நீ எழுதலயேண்ணா" என்றாள்.