கடைமடையின் விலாசம்

கடைமடையில் நிலம் வைத்திருப்பவனுக்குப் பெண் கொடுப்பதென்றால் எகிப்தின் ஃபயூமில் எந்தத் தகப்பனும் ஒரு முறை யோசிப்பான். தஹானியின் தகப்பன் யோசிக்கவில்லை. பத்தொன்பது வயதில் அவளை ஸப்ரிக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். தூக்கம் போனது அவளுக்குத்தான்.

அபூ ஸித்ர் வாய்க்காலில் ஒவ்வொரு நிலத்துக்கும் வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம். அந்த நேரத்தில் மண்வெட்டியோடு மடையில் நிற்காதவனின் தண்ணீர், நிற்பவனுக்குப் போகும். மேலே மதகில் ஏதாவது வேலை நடந்தால் முறை இரண்டு நாள் முன்னே பின்னே மாறும். மாறும் செய்தி வாய்க்கால் சங்கத் தலைவர் ஹாஜ் ஷவாத்ஃபிக்கு வரும். அவர் தலைமடைக்காரர். தன் ஆட்களுக்கெல்லாம் போன் செய்து முடித்து, கடைமடைக்குச் சொல்ல வேண்டிய நேரத்தில் மட்டும் அவர் போனில் சார்ஜ் தீர்ந்துவிடும். கடைமடைக்காரர்கள் தங்கள் வழக்கமான முறைநாளான வியாழக்கிழமை வந்து பார்த்தால் வாய்க்காலில் சேறுதான் கிடக்கும். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று வாழ்ந்த மனிதர்.

ஸப்ரி இறந்து ஏழு வருடம் ஆகிறது. வணிக டிப்ளமா படித்தவள் என்று தஹானியைச் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள். சம்பளமில்லாத வேலை, ஆண்கள் யாரும் கேட்கவில்லை. முன்பு ஒரு திட்டத்துக்காக வந்த பொறியாளர் சங்கத்துக்கு ஒரு வலைத்தளம் செய்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். முறை மாறும் செய்தி செயலாளருக்கும் வரும்; போனில் சொல்வது தலைவரின் வேலை, அவள் தளத்தில் போடலாம். தஹானி ஒவ்வொரு மாற்றத்தையும் தவறாமல் போட்டாள். ஒருவரும் திறக்கவில்லை. விலாசம் முழுக்க ஆங்கில எழுத்து.

பக்கத்து நிலத்து உம்மு ஸக்கியிடம் கேட்டாள். அறுபது வயதில் எழுத்தறிவு வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவள் அவள்.

"ஏன்க்கா, நீயாவது தெறந்து பாக்கக் கூடாதா?"

"எதை? அந்த எறும்பு ஊர்ற எழுத்தையா? அது தெரிஞ்சவன் எங்க வீட்ல மாப்பிள்ளை ஒருத்தன்தான். அவன் குவைத்ல ஒட்டகம் எண்ணிக்கிட்டு இருக்கான்."

அரபியிலேயே விலாசம் வாங்கலாம் என்று தஹானி எங்கோ படித்தாள். கெய்ரோவுக்கு இரண்டு முறை மைக்ரோபஸ்ஸில் போனாள். பதிவு செய்யும் கடையில் இருந்தவன், "எல்லாரும் இங்கிலீஷ்தான் கேக்கறாங்க, உங்களுக்கு எதுக்கு இது?" என்றான். "எல்லாருக்கும் தண்ணி வருது தம்பி, எங்களுக்கு வரல" என்றாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பதிந்து கொடுத்தான். தௌர், அதாவது முறை, பிறகு அபூ ஸித்ர், ஒரு புள்ளி, கடைசியில் மிஸ்ர், நாட்டின் பெயர். எல்லாம் வலமிருந்து இடமாக, ரொட்டிக் கடைப் பலகை மாதிரி, எவரும் படிக்கும்படி.

அந்த மகிழ்ச்சியில் அவசரப்பட்டாள். விலாசத்தை போனிலிருந்து நகலெடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். போய்ச் சேர்ந்தது அரபி அல்ல, போன் தனக்குத் தெரிந்தபடி மாற்றிக்கொண்ட ஆங்கில எழுத்து. எக்ஸ், என், இரண்டு கோடு, அதற்குப் பின்னால் கைக்குழந்தை விசைப்பலகையில் உட்கார்ந்து எழுந்தது போல் ஓர் எழுத்துக் குவியல். ஹாஜ் ஷவாத்ஃபிக்கு அது போதும். "வைரஸ். யாரும் தொடாதீங்க" என்று குரல் பதிவு அனுப்பினார். எல்லோரும் அழித்தார்கள், உம்மு ஸக்கி உட்பட.

தஹானி அன்று அழுதாள். மறுநாள் காலை டுக்டுக் ஆட்டோ ஓட்டும் பயூமியிடம் போனாள். அவன் வண்டியின் முதுகில் 'பொறாமைக்காரன் கண்ணில் குச்சி' என்று பெரிதாக எழுதியிருக்கும்.

"அதுக்குக் கீழ இதை எழுதிக்கிறேன், பயூமி."

"எனக்கு என்ன லாபம்?"

"உங்க அண்ணன் நிலம் எங்க இருக்கு?"

"கடைமடைல."

"அதான் லாபம்."

நீலச் சாயத்தில் தானே எழுதினாள். அவன் வண்டியில் தொடங்கி ஒன்பது வண்டிகள். பிறகு தானிய அரவைக் கடைச் சுவர், பம்பு அறைக் கதவு. யாருக்கும் அனுப்பவில்லை. "அனுப்பினா கெட்டுப் போகுது. கண்ணால பாத்து, போன்ல கையால அடிங்க" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

சங்கக் கூட்டத்தில் ஹாஜ் இதைக் கிண்டலோடு எடுத்தார். "படிச்ச மேடம், உஸ்தாஸா தஹானி, சுவத்தைப் பாழாக்கினதுதான் மிச்சம். அடுத்த முறை மாறும்போது பாப்போம். கடைமடைலேர்ந்து பத்துப் பேர் வந்து நின்னா, நானே கரைல உக்காந்து உனக்கு டீ போட்டுத் தர்றேன். வரலேன்னா அந்தத் தளத்தை மூடிட்டு எல்லாம் பழையபடி என் போன்ல. ஆனா ஒண்ணு, நீ ஒருத்தருக்கும் போன் பண்ணக் கூடாது."

"சரி ஹாஜ். சக்கரை எனக்கு மூணு ஸ்பூன்" என்றாள்.

மாற்றம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. வியாழன் முறை செவ்வாய் காலைக்கு. கால் மணி நேரத்தில் தளத்தில் போட்டுவிட்டாள். அதன் பிறகுதான் கஷ்டம். வயலில் சீமைச்சாமந்தி பூ விடும் பருவம். இந்தத் தண்ணீர் தவறினால் கடைமடை முழுவதும் கருகும். திங்கள் மாலை உம்மு ஸக்கி வாசலில் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தாள். முறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. படித்தாளா, இல்லையா? ஒரு சொல் சொன்னால் போதும். தஹானிக்கு நாக்கு அரித்தது. சொன்னால் இந்த ஒரு முறை தண்ணீர் வரும், அப்புறம் ஆயுசுக்கும் ஹாஜ் போனை நம்பி இருக்க வேண்டும். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்குப் பயமாக இருந்தது.

செவ்வாய் விடிந்ததும் மண்வெட்டியோடு கரைக்குப் போனாள். மடையில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். எண்ணினாள். பதினேழு பேர். உம்மு ஸக்கி முன்னால் நின்று, "இப்பத்தான் வர்றியா? செயலாளரம்மாவுக்கு எல்லாருக்கும் முன்னாடி தெரிஞ்சிருக்கணுமே" என்று அதட்டினாள்.

வேடிக்கை பார்க்க ஹாஜ் ஷவாத்ஃபி பயூமியின் டுக்டுக்கில் வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"யார் போன் பண்ணினது? உண்மையைச் சொல்லுங்க."

"யாரும் பண்ணல ஹாஜ்," என்றாள் உம்மு ஸக்கி. "நாங்களே படிச்சோம்."

"எங்க படிச்சீங்க?"

பதினேழு பேரும் அவருக்குப் பின்னால் கை காட்டினார்கள். ஹாஜ் திரும்பினார். மூன்று வாரமாக அவர் ஏறி இறங்கிய வண்டியின் முதுகில், 'கண்ணில் குச்சி'க்குக் கீழே, நீலத்தில் அந்த விலாசம் இருந்தது. உதடு அசையப் படித்தார்.

"டீ?" என்றான் பயூமி.

"டீ அப்புறம்" என்ற தஹானி, குனிந்து தன் மடையை வெட்டினாள்.