ஏர்ஹாரனின் சர்க்கரை மெஷின்

பேருந்து ஓட்டுநர் ஏர்ஹாரனுக்கு அந்தப் பட்டம் வந்தது தும்மலால். அவர் ஒருமுறை தும்மினால் எதிரே வரும் லாரிகள் ஒதுங்கி வழிவிடும். மேம்பாலத்துப் புறாக்கள் அடுத்த ஊரில் போய்த்தான் இறங்கும். நம்பாதவர்கள் அவர் மனைவியைக் கேட்கலாம். அந்த அம்மாள் இருபது வருடமாக இடது காதில் பஞ்சோடுதான் குடும்பம் நடத்துகிறாள்.

அப்பேர்ப்பட்டவர் இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டி வந்தது. பணிமனை மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். "ஊசி போடுறவருக்கு ஸ்டியரிங் எதுக்கு? பேசாம டிக்கெட் கவுன்டர்ல உட்காருங்க."

பணிமனை மருத்துவர் மட்டும் ஒரு வழி சொன்னார். விரலைக் குத்தினால் அளவைப் பதிந்துவைக்கும் மெஷினில் மூன்று மாதம் சர்க்கரை பார்த்து, அந்த மெஷினோடு வரவேண்டும். எகிறவும் கூடாது, மயக்கம் வருமளவுக்கு இறங்கவும் கூடாது. சரியாக இருந்தால் வண்டி, இல்லாவிட்டால் கவுன்டர். இத்தனை காலம் முகத்தில் காற்றடிக்க ஓட்டியவர் அந்த நான்கடிக் கூண்டுக்குள் காலை வைப்பதில்லை என்று சபதம் போட்டார்.

அன்றிலிருந்து சாவியைத் திருப்புமுன் விரலைக் குத்துவார். வந்த எண்ணை டிரிப் ஷீட்டின் ஓரத்தில், புறப்படும் நேரத்துக்குப் பக்கத்தில் குறித்துவைப்பார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, கொழுந்தியாள் வந்து சேரும்வரை.

"மாமா, சும்மாதானே கிடக்கு, எனக்கும் ஒரு தடவை பாருங்களேன்!"

புது ஊசி மாற்றிப் பார்த்தார். மறுநாள் மாடிவீட்டுக்காரர், பிறகு தையல்காரர், அப்புறம் நான்கு கண்டக்டர்கள். வரிசை தெருமுனைவரை போய், வளைந்து, பின்வாசல் வழியாக வீட்டுக்குள்ளேயே திரும்பி வந்தது.

மூன்றாம் மாதம் மருத்துவர் மெஷினை அழுத்தி அழுத்திப் பார்த்தார். வேடிக்கை பார்க்க மேலாளரும் வந்து நின்றார்.

"நூத்திப் பத்து. ரெண்டு நிமிஷத்துல இருநூத்தி நாப்பது. உடனே எண்பத்தஞ்சு. ஏங்க, நீங்க ஒரே ஆள்தானா?"

"ஆள் ஒண்ணுதாங்க டாக்டர். மெஷின்தான் தெருவுக்கே பொதுவாயிடுச்சு."

"கவுன்டரைத் துடைச்சு வைக்கச் சொல்லட்டுமா?" என்றார் மேலாளர்.

ஏர்ஹாரனுக்குப் பொறி தட்டியது. ஓடிப்போய் மூன்று மாத டிரிப் ஷீட்டுகளையும் அள்ளிக்கொண்டு வந்தார். மருத்துவர் தாளில் இருந்த நேரத்தையும் மெஷினில் இருந்த நேரத்தையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். ஏர்ஹாரனின் எண்கள் எல்லாம் கோடு போட்டதுபோல் அடங்கி நின்றன.

"பிரமாதம்! சரி, போன செவ்வாய் மத்தியானம் முந்நூத்தி எழுபது. அது யாரு?"

யாரென்று ஏர்ஹாரனுக்குத் தெரியும். சொல்லக்கூடாது என்று வாயை இறுக்கி மூடினார். மூக்கு கேட்டால்தானே? தும்மல் வெடித்ததில் மருந்துப் புட்டிகள் அலமாரியில் குதித்தன. மேலாளர் திடுக்கிட்டு, "நான்தான் டாக்டர், நான்தான்!" என்று கத்திவிட்டார்.

மருத்துவர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "இனிமே இந்த மெஷின் உங்க விரலுக்கு மட்டும்தான்." அப்படியே மேலாளர் பக்கம் திரும்பி, "நீங்க உட்காருங்க. கையைக் காட்டுங்க," என்றார்.

கீழே வண்டியில் ஏறி ஏர்ஹாரன் விரலைக் குத்திப் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டு. சாவியைத் திருப்பினார்.