ஒல்லாந்தனின் வெயில்

அன்று ஒன்றும் ஆகவில்லை. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வானம் மூடியிருந்தது, காற்று குளிர்ந்திருந்தது, என் படகில் வந்த குடும்பம் பூநாரைகளைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கிப்போனது.

மறுநாள் சாயங்காலம் முகம் தானாகக் கொதிக்கத் தொடங்கியது. அதற்கடுத்த விடியலில் கண்ணாடிக்குள் இருந்த ஆளை எனக்குத் தெரியவில்லை. கன்னத்திலும் தாடைக்கு அடியிலும் கொப்புளங்கள், கரையொதுங்கிய ஜெல்லி மீன்களைப் போல.

“நைனா, இன்னா மூஞ்சி இது?” என்றாள் மகள். பதில் சொல்ல உதடு பிரியவில்லை.

பழவேற்காடு ஏரியில் படகோட்டுகிறேன். பல வருடமாக முகத்தில் வெண்புள்ளி (தோலுக்கு நிறம் தரும் செல்கள் அழிந்துபோவது; தொற்றாது). ஒல்லாந்தர் என்று நாங்கள் சொல்லும் டச்சுக்காரர்களின் கோட்டை மண்மேடாகிவிட்டது. எலும்புக்கூடு செதுக்கிய அவர்களுடைய கல்லறை நிற்கிறது. அதனால் வெளுத்த முகத்துக்கு எங்கள் ஊரில் பெயர் தேட வேண்டியதில்லை. துறையில் டீக்கடை வைத்திருக்கும் காசிம் பாய்தான் வைத்தார்: ஒல்லாந்தன்.

“இன்னா ஒல்லாந்தா, உன் சொந்தக்காரங்கோ கல்லறையாண்ட போய் ஒரு சலாம் வெச்சியா?”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அப்படிச் சிரித்துச் சிரித்தே ஒருநாள் கார்போகரிசி எண்ணெய் வாங்கினேன். அதைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் வெயிலில் நின்றால் நிறம் திரும்பும் என்றார்கள். நான் தேர்ந்தெடுத்தது அந்த மூடிய வானத்து நாளை. வெயில் இல்லையே, நாள் முழுக்க இருந்தால்தான் கொஞ்ச நேரத்துக்குச் சமம் என்று கணக்குப் போட்டேன். உங்கள் வீட்டிலும் அந்தக் குப்பி இருக்கலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் தாடையை நிமிர்த்திப் பார்த்தார்.

“மேகம் சூட்டத்தான் மறைக்கும். புற ஊதாக் கதிர் உள்ள வந்துடும். தண்ணி வேற கீழேர்ந்து திருப்பி அடிக்கும். அந்த எண்ணெய் தடவின தோல், கதவ தொறந்து போட்ட வீடு மாதிரி.”

கண்ணுக்கும் தெரியாமல், சூட்டாகவும் தெரியாமல் வெயிலுக்குள் இன்னொரு வெயில். இத்தனை காலம் அதன் மடியில்தான் உட்கார்ந்து துடுப்புப் போட்டிருக்கிறேன்.

“மறுபடி ஏரிக்குப் போலாமா?” என்றேன்.

“முதல்ல ஆறட்டும்” என்றார். எனக்கு அந்த ஏரியை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது.

ஈரத்துணி, களிம்பு, ஜன்னல் மூடிய அறை. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. காசிம் பாய் பார்க்க வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

“முருகேசா” என்றார்.

அவர் வாயில் என் பெயரைக் கேட்டதேயில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

புண் ஆறியது. ஆறிய இடத்தில், எண்ணெய் வழிந்து வெந்திருந்த மாநிறத் தோலும் வெளுத்திருந்தது (காயம்பட்ட தோலில் வெண்புள்ளி புதிதாகக் கிளம்புவதுண்டு). அழிக்கப் போனவன் பெருக்கிக்கொண்டு வந்தேன். கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றேன். அழுகை வரவில்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், யாருடையதோ போலிருந்தது.

டாக்டரம்மா கடைசியில் சொன்னார்: “ஏரிக்குப் போங்க. முழுக்கை சட்ட, கழுத்து மூடுற துணி, இந்த சன்ஸ்கிரீன். மேகம் இருந்தாலும் பூசணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திரும்பப் பூசணும். உங்க நிழல் உங்களவிடக் குட்டையாயிட்டா மட்டும் கரைக்கு வந்துடுங்க.”

முதல் நாள் அந்த சன்ஸ்கிரீனைப் பூசி முகம் முழுக்க வெள்ளையாகத் துறைக்குப் போனேன். காசிம் பாய் டீயை ஆற்றுவதை நிறுத்தினார்.

“யா அல்லா! இப்பத்தாண்டா முழு ஒல்லாந்தன்!”

துறையே சிரித்தது. நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். தோல் வலித்தது.

இப்போது கைக்கடிகாரம் கட்டுவதில்லை. என் நாளுக்கு நடுப்பகல் கிடையாது. விடியலும் மாலையும் மட்டும், இடையில் ஒரு பள்ளம். முற்பகலில் ஏரிக்கு நடுவே இருப்பேன். கரையிலிருந்து குரல் வரும். காசிம் பாய் கடைவாசல் மணலில் நின்று தன் காலடியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“ஒல்லாந்தா! நெழலு குட்டையாவுது, வாடா!”

திருப்புகிறேன்.